நத்தைக்குப் பதினோரு வார்த்தை

அக்கா எழுதினாள், தங்கை வரைந்தாள். கதை இதுதான்: ஒரு நத்தை தன் தோழி தவளையின் பிறந்தநாள் விருந்துக்குப் புறப்படுகிறது. வழியில் வெயில் போய் மழை வருகிறது, மழை போய் இலை உதிர்கிறது, மொட்டை மரம் மறுபடி துளிர்க்கிறது. நத்தை தட்டுத் தடுமாறிப் போய்ச் சேரும்போது அந்த வருட விருந்து எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் அடுத்த வருட விருந்துக்கு அதுதான் முதல் விருந்தாளி.

அக்கா நர்சரி பள்ளி ஆசிரியை. வகுப்பின் அமளியை அடக்க ஒருநாள் வாய்க்கு வந்தபடி சொன்ன கதை இது. மறுநாளிலிருந்து பிள்ளைகள் வேறு கதை கேட்க மறுத்துவிட்டார்கள். "நீ வரைஞ்சு குடுடி, புத்தகமாவே போட்டுடலாம்" என்று தங்கையிடம் வந்து நின்றாள். தங்கைக்குக் கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை. நாள் முழுக்க அளவு பிசகாமல் குளியலறையும் மாடிப்படியும் வரைகிறவளை, வளைந்து நெளிந்து போகிற ஒரு பிராணியை வரையச் சொன்னால் கேட்க வேண்டுமா? எட்டு மாதம் சாப்பாட்டு மேசை அவள் வசமானது. வண்ணம் காயும்வரை வீட்டில் எல்லோரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

ஐந்து பதிப்பகங்கள் கைவிரித்தன. அதில் ஒருவர் மட்டும் காரணம் சொன்னார்: கதை மெதுவாக நகர்கிறதாம். "நத்தைக் கதை பின்னே குதிரை மாதிரியா நகரும்?" என்று அக்கா இரண்டு நாள் பொருமினாள். தங்கை பொருமவில்லை. ஆறாவது பதிப்பகத்தின் முகவரியைத் தேடிப் பிடித்து, மதிய உணவு இடைவேளையில் ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் கணினியுமாக அவசர அவசரமாக அனுப்பிவைத்தாள்.

ஒன்பதாம் நாள் தொலைபேசி வந்தது. மூலப் படங்களை எடுத்துக்கொண்டு நாளைக்கே வர முடியுமா என்று ஒரு பெண்குரல் கேட்டது. முடியும் என்று சொல்லி வைத்த பிறகுதான், தான் வரைந்துகொண்டிருந்த வீட்டின் கதவை நேராகக் குளியல் தொட்டிக்குள் திறக்க வைத்திருப்பதைத் தங்கை கவனித்தாள்.

டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது பதிப்பகம். படியெல்லாம் காகிதக் கட்டு. பதிப்பாசிரியர் அம்மாள் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு மேசை முழுக்கக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். படங்களைக் கண்டதும் தேடுவதை விட்டுவிட்டார். நாற்காலிகளை ஒதுக்கித் தரையில் ஒவ்வொன்றாகப் பரப்பி, மண்டியிட்டு, நத்தையின் பின்னாலேயே அறையைச் சுற்றி ஊர்ந்து வந்தார். அக்கா தங்கையின் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கடைசிப் படத்தில் அந்த அம்மாள் நிமிர்ந்தார். "ஒரு வார்த்தைகூட இல்லாம இவ்வளவு பெரிய கதைய சொல்லியிருக்கீங்களே. உங்களுக்கு எப்படித் தைரியம் வந்துச்சு?"

அக்காவின் பிடி தளர்ந்தது.

தங்கைக்கு அப்போதுதான் உறைத்தது. கணினியில் இரண்டு கோப்புகள் இருந்தன, எழுத்து சேர்த்தது ஒன்று, சேர்க்காதது ஒன்று. ரொட்டி தின்ற அவசரத்தில் எதை அனுப்பினாள் என்று இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை. பேசாமல் தலையாட்டிவிட்டால் காரியம் முடிந்தது. ஆனால் அக்கா பக்கத்தில் நிற்கிறாள். கதை அவளுடையது.

"அது தைரியம் இல்ல மேடம், என் கவனக்குறைவு" என்றாள். "இந்தக் கதைக்கு வார்த்தை இருக்கு. எழுதினது எங்க அக்கா. அவங்க பேர் இல்லாத புத்தகம் எனக்கு வேண்டாம்."

அக்கா பையைத் திறந்து தாள்களை எடுத்து நீட்டினாள். அந்த அம்மாள் ஒரு வழியாகத் தலையில் இருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்து நிதானமாகப் படித்தார். எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் படம் சொல்லிவிட்டதையே திரும்பச் சொல்கிறது என்றார். நத்தையை அடுத்த வருட விருந்துக்குக் கொண்டு சேர்க்கும் யோசனை யாருடையது என்று கேட்டார். அக்காவுடையது என்றாள் தங்கை. அப்படியானால் அட்டையில் இரண்டு பேரும் ஒரே அளவு எழுத்தில்தான் இருக்க வேண்டும், வார்த்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்றார் அவர்.

தங்கை அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயந்தாள். அக்கா படங்களின் நடுவே சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டு, "ஒரு பென்சில் குடுங்க" என்றாள்.

தாளில் முதலில் கண்ணில் பட்ட வரி, மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. படத்தைப் பார்த்தாள், அடித்தாள். இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. அதையும் அடித்தாள். அரை மணி நேரம் பென்சில் ஓயவில்லை. முதலில் கை தயங்கியது. போகப் போக வேகம் பிடித்து, ஒரு பக்கம் முழுவதையும் ஒரே கோட்டில் அடித்தபோது தானே சிரித்துவிட்டாள். "பிள்ளைங்களும் இதையெல்லாம் கேட்கவே மாட்டாங்க. நத்தை பேசறதுக்குத்தான் காத்துக்கிட்டு இருப்பாங்க."

மிஞ்சியது நத்தையின் பேச்சு மட்டும். வெயிலில், மழையில், சருகில், துளிரில் நான்கு முறை, 'இதோ வந்துட்டேன்.' கடைசியில், உறங்கிக்கொண்டிருக்கும் தவளையின் வாசலில், 'நான்தான் முதல் ஆளா?' அந்த அம்மாள் எண்ணிப் பார்த்தார். பதினோரு வார்த்தை. பிறகு நத்தைக் குரலில் சத்தமாகப் படித்துக்காட்டினார். கீழே டயர் கடைக்குக்கூடக் கேட்டிருக்கும்.

ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட்டார்கள். ஒரே ஒரு வேலை பாக்கி: நான்கு படங்களில் நத்தை நட்டநடுவில் இருந்தது. புத்தகமாகத் தைத்தால் பாதி நத்தை நடு மடிப்புக்குள் போய்விடும். மூன்று வாரத்துக்குள் அவற்றைத் திரும்ப வரைய வேண்டும். அளவு பிசகாதவள் என்று பெயரெடுத்த தங்கை நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தெருவுக்கு வந்ததும் இருவருக்கும் கால் தரையில் பாவவில்லை. "உன் வரியெல்லாம் போச்சேன்னு வருத்தமா இருக்கா?" என்று தங்கை மெல்லக் கேட்டாள்.

"இருக்கு, கொஞ்சம்" என்றாள் அக்கா. "ஆனா அந்த அம்மா தரையில ஊர்ந்துச்சே, பார்த்தியா? அதுக்காக இன்னும் நாலு பக்கம்கூட அடிப்பேன்." பத்தடி போவதற்குள் தங்கையின் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "அடுத்தது ஒரு மரவட்டை. பள்ளிக்கூடத்துக்குச் செருப்பு வாங்கப் போகுது."

"எத்தனை கால் வரையணும்னு யோசிச்சுப் பார்த்தியா அக்கா?" என்றாள் தங்கை. ஆனால் கை அதற்குள் பையில் பென்சிலைத் தேடத் தொடங்கியிருந்தது.