மாடி அறைக்குக் குடிவந்த கேப்டன்

பாபநாசத்து நடிகர் சிங்கராயர் எந்த வேடம் போட்டாலும் அந்த ஆளாகவே வீட்டுக்குத் திரும்பினார். படப்பிடிப்பு முடிந்து பூசணிக்காய் உடைக்கும்வரை வந்தவர் போகமாட்டார். இன்ஸ்பெக்டராக நடித்தபோது நாலு அங்குலம் வளர்ந்து வந்து வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டார். பல் டாக்டரானபோது தெருவில் பாதிப் பேருக்கு வலியில்லாமல் பல் பிடுங்கிவிட்டார். பிணமாக நடித்த படம் இழுத்துக்கொண்டே போனதில் தவக்காலம் முழுக்க உள்ளறையில் பிணமாகக் கிடந்தார். துக்கமணி அடிக்கலாமா என்று கேட்டு வந்த மாதாகோயில் கோயில்பிள்ளையிடம் அவர் மனைவி மரியபுஷ்பம், "ஷூட்டிங் முடிஞ்சா எந்திரிச்சிடுவாங்க, நீங்க காப்பி சாப்பிடுங்க" என்றாள். கதாநாயகனாக அவர் ஒரு தடவையும் நடித்ததில்லை. படத்துக்கு இரண்டு மூன்று காட்சிகள், அவ்வளவுதான். ஆனாலும் நூற்றுச் சொச்சம் படங்கள். கதவைத் திறந்ததும் "இப்ப யாரு?" என்று கேட்டுவிட்டு வந்தவருக்குத் தக்கபடி சோறோ சப்பாத்தியோ செய்வது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

போன வைகாசியில் கதவைத் தட்டியவர் வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக நின்றார். "மேடம், மாடி ரூம் வாடகைக்குக் கிடைக்குமா?" கல்யாணமே ஆகாத கப்பல் கேப்டன். மரியபுஷ்பம் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தாள். சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. கதாநாயகனுக்கும் டைரக்டருக்கும் சண்டை வந்து படம் முடியாமல் நின்றது. டைரக்டர் குணசேகரனுக்குப் போன் போட்டாள். "ஒரே ஒரு சீன்தான் பாக்கி அக்கா. அவரைத் தேடி ஒரு கப்பல் வரும். ஏறிப் போயிடுவாரு. திரும்பி வரமாட்டாரு" என்றார் அவர்.

பிணத்துக்குக்கூட அஞ்சாதவள் அன்றைக்குப் பயந்தாள். தானே ஒரு பூசணிக்காய் வாங்கி முச்சந்தியில் உடைத்துப் பார்த்தாள். "யாராவது வழுக்கி விழுந்துடப் போறாங்க மேடம்" என்று கேப்டன் வந்து கூட்டி அள்ளினார். அவர் நல்ல குடித்தனக்காரர் என்பதுதான் கொடுமை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிவைத்து, ஒவ்வொரு வேளையும் நன்றி சொன்னார். இத்தனை வருஷத்தில் சிங்கராயர் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் மரியபுஷ்பம் அடுப்படிக்குப் போய் அழுதாள்.

ஆடியில் குடமுருட்டியில் தண்ணீர் நிறைந்து ஓடியது. கேப்டன் தினமும் மூங்கில் கழியால் ஆழம் பார்த்துவந்தார். ஒரு காலையில் கிழக்கிலிருந்து, கரை உரசாமல், கப்பல் வந்தது. கும்பகோணம் ரோட்டில் பஸ்கள் நின்று வழிவிட்டன. வயல் கொக்குகளோடு கடற்பறவைகளும் கலந்து மேய்ந்தன. செய்தி கேட்டுக் குணசேகரன் ஒரே ஒரு கேமராவோடு காரில் வந்திறங்கினார். கேப்டன் மாடிச் சாவியைத் திருப்பிக் கொடுத்து, "வர்றேன் மேடம்" என்று ஏணியில் கால் வைத்தார். இதற்காக மரியபுஷ்பம் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள். அத்தனையும் மறந்துபோக, வாயில் வந்தது இதுதான்:

"ஏங்க, நம்ம மேல வயல் மடையைத் தொறந்துவிட்டது அப்படியே கெடக்கு. நட்ட பயிரெல்லாம் முங்குது. கப்பலை அப்புறம் பாத்துக்கலாம், ஓடிப்போயி அடைங்க!"

கேப்டன் கப்பலைப் பார்த்தார். வயலைப் பார்த்தார். இறங்கி, வெள்ளைக் கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, வரப்பில் நின்ற ஒருவரிடம் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். கேமராவும் பின்னாலேயே ஓடியது. மடையை அடைத்து நிமிர்ந்தவர், சேற்றில் நின்றபடி கத்தினார்: "எந்தக் கூறுகெட்டவ இப்படித் தொறந்து விட்டது?"

மரியபுஷ்பத்துக்கு அந்தக் குரல் தெரியும். "இதான் கடைசி சீன். பூசணிக்காயை ஒடைங்க தம்பி" என்றாள். குணசேகரன் காரிலிருந்து ஒன்றை எடுத்துவந்து ஆற்றங்கரையிலேயே உடைத்தார். கப்பல் ஒரு முறை ஊதிப் பார்த்துவிட்டு, திருப்ப இடமில்லாததால் பின்பக்கமாகவே கடலுக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த படத்தில் சிங்கராயருக்கு இரட்டை வேடம். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி. தை பிறந்ததும் தஞ்சாவூர் பஸ்ஸிலிருந்து இருவர் ஆளுக்கொரு வாசல் வழியாக இறங்கி, தெருவின் இரண்டு ஓரமாக நடந்து வந்தார்கள். அறுப்புக்கு ஆள் கிடைக்காத நேரம். ஒருவரை அறுப்பு மெஷினோடும் இன்னொருவரைக் களத்துக்கும் அனுப்பிவிட்டு, மரியபுஷ்பம் உலையில் இன்னும் ஒரு படி அரிசி போட்டாள்.