ஐந்து நாள் லீவுக்குச் செத்தவர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது நான் செத்து இரண்டாம் நாள். புதன்கிழமை, காலை பத்து மணி. லண்டன் செவன் கிங்ஸில் என் வீட்டுச் சமையலறையில் பாணுக்கு மாஜரின் பூசிக்கொண்டு நின்றேன். செத்த விஷயம் அதுவரை எனக்குத் தெரியாது.

செத்தவன் ‘நான்’ என்று எழுதினால் வாசிக்கிறவர்கள் குழம்பிப் போவார்கள். எனக்கே குழப்பம். ஆகவே இனி அவர் பெயர் செபமாலைமுத்து. வயது எழுபத்தாறு. மன்னார்க் கடலில் தோணி கவிழ்ந்தபோது ஓர் ஆமையின் முதுகில் ஏறிக் கரை சேர்ந்ததாகச் சொல்பவர். [ஆமை வழியில் இரண்டு தரம் இளைப்பாறியது. இது உண்மை.]

2

தொடக்கம், முதல் வரைவு: ‘றொசாந்தி ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்தபடி தன் வாழ்க்கையை—’

வேண்டாம். லண்டனில் மழையை யார் நின்று பார்க்கிறார்கள்?

இரண்டாம் வரைவு: ‘வீட்டு வன்முறைக்கு ஆளானவர்களுக்கு வேலைத்தலங்கள் வழங்கும் விடுமுறை என்பது ஒரு சமூகம்—’

எழுதும்போதே கொட்டாவி வருகிறது.

மூன்றாம் வரைவு: போன் அடித்தது.

இதுதான் சரி. அப்படித்தான் நடந்தது.

“ஹலோ, செபமாலைமுத்து ஐயாவின்ரை வீடோ? நான் இம்மாகுலேற், தோர்ண்டன் ஹீத்திலையிருந்து. றொசாந்தி வேலை செய்யிற முதியோர் இல்லத்திலை சூப்பர்வைசர். ஐயாவின்ரை செத்தவீடு எப்ப எண்டு கேக்க எடுத்தனான்.”

[றொசாந்தி, செபமாலைமுத்துவின் காலஞ்சென்ற அண்ணனின் மகள்.]

வேறு யாராவது என்றால் ‘நான் இருக்கிறேனே’ என்று கத்தியிருப்பார்கள். செபமாலைமுத்துவுக்கு உண்மை உடனே வாயில் வராது.

“நான் அவற்ரை தம்பி, சுவிசிலையிருந்து வந்தனான். என்னண்டு செத்தவராம்?”

“நித்திரையிலை எண்டு சொன்னவ.”

நல்ல சாவு. பிள்ளை பாசமாகத்தான் கொன்றிருக்கிறாள்.

“அண்ணை எப்பிடி ஆள் பிள்ளை?”

“ஒருக்கா இஞ்சை வோல்சிங்கம் மாதா கோயிலுக்குப் போன பஸ்ஸிலை பக்கத்திலை இருந்தவர். நல்ல மனிசன். வாயைத் திறந்தால் புளுகு.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “றொசாந்தியின்ரை மனிசன் கிளின்ரனுக்கும் இப்பதான் எடுத்து அனுதாபம் சொன்னனான். அவருக்கு ஒண்டும் தெரியேல்லை. அவ வேலையிலை எல்லோ நிக்கிறா எண்டு என்னட்டையே கேக்கிறார்.”

3

செபமாலைமுத்து பெறாமகள் றொசாந்திக்கு எடுத்தார்.

“என்னை ஏன் பிள்ளை கொண்டனி?”

“லீவுக்குச் சித்தப்பா. சித்தப்பா செத்தால் ஒரு நாள்தான். அப்பாவெண்டால் அஞ்சு. அதாலை உங்களை அப்பாவெண்டு எழுதினன்.”

“உன்ரை சொந்த அப்பாவை எழுதியிருக்கலாமே?”

“அவர் ஏற்கெனவே ஒருக்காச் செத்தவர். திருப்பியும் சாக்காட்ட மனம் வரேல்லை.”

“என்னத்துக்கு லீவு?”

“நேற்று லோயரைப் பாத்தன். வெள்ளிக்கிழமை கோர்ட். கிளின்ரன் எனக்குக் கிட்ட வரக்கூடாது எண்டு கட்டளை கேக்கிறம். இண்டைக்கு நாலு மணிக்கு எனக்கு ஒரு பெண்கள் காப்பகத்திலை அறை தருகினம், அவருக்குத் தெரியாத இடத்திலை. அவர் ரெண்டு மணிக்கு ஷிப்டுக்குப் போனாப்போலை உடுப்பும் விசாப் பேப்பரும் எடுக்க இருந்தனான். இப்ப இம்மாகுலேற் அக்கா எடுத்ததோடை, வேலைக்குப் போகமாட்டனெண்டு வீட்டுக்குள்ளை இருந்து எனக்குப் போன் மேலை போன்.”

கிளின்ரன் அவளை— இந்த வாக்கியத்தை நாலு தரம் தொடங்கி விட்டுவிட்டேன். பதிலாக இது: ஈஸ்டருக்கு வந்தபோது றொசாந்தியின் முழங்கைக்கு மேலே ஒரு கன்றல். அடுப்பு சுட்டது என்றாள். அந்த அடுப்புக்கு ஐந்து விரல்கள் இருந்தன. பொய்யில் அறுபது வருட அனுபவம் உள்ள செபமாலைமுத்து, “கவனம் பிள்ளை” என்று சொல்லிவிட்டுக் கேக்கை வெட்டினார்.

“இதுக்கெண்டு உங்கடை வேலையிலை லீவு இல்லையோ?”

“இருக்கு. பத்து நாள், சம்பளத்தோடை. சாப்பாட்டு அறையிலை மைக்ரோவேவுக்கு மேலை ஒட்டியிருக்கு. சோறு சூடாகிற ரெண்டு நிமிசம், ஒரு மாசமா வாசிச்சன்.”

“பிறகேன்?”

“இம்மாகுலேற் அக்காட்டை எல்லோ கேக்கோணும். அவவும் கிளின்ரனும் கோயிலிலை ஒரே பாட்டுக்குழு.”

[குறிப்பு: அந்தப் பத்து நாள் சட்டம் கொடுத்ததல்ல, இல்லத்து நிர்வாகம் தானாகக் கொடுப்பது. பத்து இருக்க ஐந்தை எடுத்தது செபமாலைமுத்துவுக்கு விளங்கவில்லை. பிறகு யோசித்தார். செத்தவீட்டுக்குச் சனம் சாப்பாட்டோடு வரும். மற்றதற்குப் புத்திமதியோடு வரும்.]

4

இனி இம்மாகுலேற். முதலில் அவளை ஊர்வம்புக்காரியாக எழுதியிருந்தேன், வசதியாக இருந்தது. இப்போது முழுக் கதையும் அவளில் தொங்குகிறது. எழுதுகிறவனுக்குத் தன் பாத்திரத்தைத் தெரியாதா? தெரியாது. ஒரு பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பழக்கம்தான்.

இம்மாகுலேற்றுக்கு உண்மையைச் சொல்லலாமோ என்று றொசாந்தியைக் கேட்டார். “சொல்லுங்கோ சித்தப்பா, வேறை வழியில்லை” என்றாள். செபமாலைமுத்து இம்மாகுலேற்றுக்கு எடுத்தார்.

“பிள்ளை, நான் தம்பியில்லை. செத்தவன்தான் கதைக்கிறன்.”

“ஐயா, இதுவும் புளுகோ?”

அடுப்பிலிருந்து கோர்ட் வரை சொன்னார். 

“அந்தப் பேப்பரை ஒட்டினது நான்தான்,” என்றாள் இம்மாகுலேற். “ரெண்டு வருசம். ஒருத்தரும் கேக்கேல்லை. ஒருத்தருக்கும் தேவையில்லையாக்கும் எண்டு சந்தோசப்பட்டன். மைக்ரோவேவுக்கு மேலை! எல்லாரும் பாத்துக்கொண்டிருக்க ஆர் நிண்டு வாசிப்பினம்? மடைச்சி நான்.” மூக்கை உறிஞ்சினாள். “ஐயா, நீங்கள் இண்டைக்குச் செத்தே இருங்கோ.”

அவள் கிளின்ரனுக்கு எடுத்துச் சொன்னது இவ்வளவுதான்: “தம்பி, றொசாந்தி செவன் கிங்ஸிலை அழுதுகொண்டு நிக்கிறா. உங்களுக்குச் சொல்லப் பயந்திருக்கிறா. சனம் முழுக்க உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கு. மருமகன் வராமல் செபம் தொடங்க மாட்டினமாம்.”

ஞாயிறுதோறும் முன்வரிசையில் நின்று பாடுகிறவனுக்கு அதற்குப் பிறகு வீட்டில் இருக்க ஏலுமா? வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினான். தெருமுனையில் தன் காருக்குள் காத்திருந்த இம்மாகுலேற், வழியில் ஏற்றிவந்திருந்த றொசாந்தியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

5

முடிவு ஒன்று: தேம்ஸுக்குக் கீழே சுரங்கப்பாதை நெரிசலில் கிளின்ரன் மனம் திருந்தி—

ஆமையை நம்பியவர்கள்கூட இதை நம்ப மாட்டார்கள்.

முடிவு இரண்டு: அவன் வரும்போது பொலிஸ் வாசலில் நிற்கிறது. செபமாலைமுத்து அறிவித்தார்தான். வருகிறோம் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை.

முடிவு மூன்று எழுதுமுன் மணி அடித்துவிட்டது. அவன் வந்துசேர ஒன்றரை மணித்தியாலம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஒரு மணித்தியாலத்தில் வந்து நிற்கிறான். இம்மாகுலேற்றின் செய்தியும் அதே நேரம் வருகிறது: ‘விசாப் பேப்பரை மேசை லாச்சியிலை வைச்சுப் பூட்டியிருக்கிறார். உடைக்கிறம். இருபது நிமிசம்.’

கிளின்ரனுடைய தமையன் றொசாந்தியின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். கிளின்ரனுக்குச் சந்தேகம் வந்தால், அவனை அங்கே அனுப்ப ஒரு போன் போதும்.

கிளின்ரன் தபால் துவாரத்தைத் தூக்கிப் பார்க்கிறான். உள்ளே நடையில் ஒரு சோடி செருப்புக்கூட இல்லை. செத்தவீடாம்! போனை எடுக்க அவன் கை சட்டைப்பைக்குப் போகிறது.

செபமாலைமுத்து போய்த் திறக்க ஏலாது, அவர் செத்தவர். உள்ளே வேறு யாரும் இல்லை, நீங்கள்தான். இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். உங்கள் சப்பாத்துகளைக் கழற்றி நடையில் வையுங்கள், எத்தனை பேர் வாசிக்கிறீர்களோ அத்தனை சோடி. பிறகு கதவைத் திறந்து, அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து இருத்துங்கள். என்ன கதைப்பதென்று என்னைக் கேட்காதீர்கள்.

இருபது நிமிடம்.