யாரும் இல்லாத ஊரின் நேரம்

1

இந்தக் கதை ஒரு கூட்டக் குறிப்பிலிருந்து வந்தது. அதை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும். ஸோம்பா பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையின் கூட்டக் குறிப்புகளைத் தட்டச்சு செய்பவன் நான். இரண்டு வருடக் குறிப்புகளை ஒன்றாகக் கோக்கும்போது ஒரு வரி கண்ணில் பட்டது. ஒவ்வொரு பக்கத்திலும் அது இருந்தது.

“நேரம்: காலை பத்து (பெல்ஜியம்). வந்திருந்தவர்கள்: ஸோம்பா, கம்பாலா, குமாசி.”

பெல்ஜியத்திலிருந்து யாரும் வந்திருக்கவில்லை. இரண்டு வருடமாக யாரும் வருவதில்லை.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

‘ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கிடையே கூட்டாய்வு என்பது இன்று’ — இது அறிக்கை. அடித்துவிட்டேன்.

‘இலைகள் பச்சையாகவே இருந்தன. மண்ணுக்குள் கிழங்கு’ — இது பிடித்திருந்தது. ஆனால் கிழங்குக்கு நடந்த கதை அல்ல இது.

‘எலுபி கமங்கா ஒன்பதே முக்காலுக்கே உட்கார்ந்துவிட்டாள்.’ — இதை வைத்துக்கொள்கிறேன்.

3

எலுபி கமங்கா ஒன்பதே முக்காலுக்கே உட்கார்ந்துவிட்டாள். அக்டோபரின் கடைசித் திங்கள். ஜன்னலைத் திறந்தால் அனல், மூடினால் புழுக்கம். திறந்தே வைத்திருந்தாள். (அலுவலகத்தில் அவளை ‘டாக்டர்’ என்றுதான் அழைப்பேன். கதைக்குள் அவ்வளவு தள்ளி நிற்க முடியவில்லை.)

பத்து மணிக்குக் கிகாலியிலிருந்து நிதிக்குழுவின் நேர்காணல், கணினித் திரையில்.

எலுபி மரவள்ளி நோய்களை ஆராய்பவள். அவள் துரத்தும் நோய் இலையில் பெரும்பாலும் தெரியாது. கிழங்கைப் பிடுங்கினால்தான் உள்ளே பழுப்பாக அழுகியிருப்பது தெரியும். மழைக்கு முன் குச்சி வெட்டி நடுகிறவர்கள் எந்தச் செடியிலிருந்து வெட்டலாம் என்று கேட்பார்கள். இதுவரை இலைகளை உலர்த்திப் பெல்ஜியத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பதில் வரும்போது நட்ட குச்சி முழங்கால் உயரம் வளர்ந்திருக்கும்.

இனி ஸோம்பா, கம்பாலா, குமாசி மூன்றும் தங்களுக்குள்ளேயே சோதித்துப் பத்து நாளில் பதில் சொல்வது. அதுதான் திட்டம். விண்ணப்பத்தில் ‘தலைமைப் பல்கலைக்கழகம்’ என்ற கட்டத்தில் பதினோரு வருடத்தில் முதல் முறையாக ஸோம்பா என்று எழுதியிருந்தது. நான்தான் தட்டச்சு செய்தேன். அந்த ஒரு சொல்லை மூன்று முறை சரிபார்த்தேன்.

குழுவின் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. மூன்று பல்கலைக்கழகங்களும் நேர்காணலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி.

பத்து மணி. திரையில் குழுவின் ஐந்து முகங்கள். ஆறாவதாக எலுபி. ஏழும் எட்டும் வரவில்லை.

4

இங்கே எனக்கு என் பாத்திரத்தின் மீது சந்தேகம் வந்தது. [உங்களுக்கும் வந்திருக்கும்.] இவ்வளவு கவனமான ஒருத்தி கூட்டாளிகளிடம் நேரத்தைச் சொல்லியிருக்க மாட்டாளா?

சொன்னாள். சொன்னதில்தான் சிக்கல்.

திங்கட்கிழமைக் கூட்டத்தைப் இணையத்தின் பொது நாட்காட்டியில் பதிந்தவர் பெல்ஜியத்துப் பேராசிரியர். பதினோரு வருடத்துக்கு முன், தன் ஊர் நேரப்படி பதிந்தார். பிறகு அவர் ஓய்வு பெற்றார். அவர் நடத்திய திட்டமும் முடிந்தது. பதிவு மட்டும் இருந்தது. ஒவ்வொரு திங்களும் மூன்று ஊரிலும் போன் அடித்தது, மூவரும் உட்கார்ந்தார்கள். நேர்காணலும் அதே கிழமை, அதே மணிக்கு அமைந்தது. எலுபி புதிதாகப் பதியவில்லை. பழைய பதிவிலேயே கடிதத்தை இணைத்து, ‘நம்ம திங்கட்கிழமை நேரம்தான்’ என்று எழுதினாள். எழுதிய அன்று அது சரி.

அக்டோபரின் கடைசி ஞாயிறு ஐரோப்பா கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும்.* முந்தின நாள் பதிவும் கூடவே போனது, எங்கள் ஊர்களில் ஒரு மணி நேரம் தாமதமாக. எலுபி கிகாலிக் கடிதத்தைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தாள். கிகாலிக்கும் ஸோம்பாவுக்கும் ஒரே நேரம். மற்ற இருவரும் கடிதத்தைப் படித்தார்கள். நேரத்துக்கு மட்டும் போனை நம்பினார்கள்.

* மார்ச்சிலும் அக்டோபரிலும் மூவரும் இப்படிச் சத்தமில்லாமல் ஒரு மணி நேரம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். போன் சொல்லிவிடும் என்பதால் யாரும் அதை நினைவில் வைத்ததில்லை. எங்கள் ஊர்களில் கடிகாரத்தை யாரும் தொடுவதில்லை.

5

“உங்க கூட்டாளிங்க எங்க, டாக்டர் கமங்கா?” என்றார் குழுத் தலைவி.

“வந்துடுவாங்க, மேடம். ரெண்டு நிமிஷம்.”

“ரெண்டு நிமிஷம் ஏற்கெனவே போயிடுச்சு. மூணு பேரால ஒரு நேரத்துக்கு வந்து உட்கார முடியல. மூணு ஆய்வகத்த எப்படி நடத்துவீங்க?”

எலுபி போனை எடுத்துக் குமாசிக்கு அடித்தாள். ஒலியைப் பெரிதாக வைத்தாள்.

“ப்ரொஃப், எங்க இருக்கீங்க?”

பேராசிரியர் எபோ குவான்சா வாய் நிறையச் சாப்பாட்டோடு பேசினார். “வீட்ல, சிஸ்டர். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே. கோட்டு போட்டாச்சு. கீழதான் இன்னும் லுங்கி.”

“நேர்காணல் ஆரம்பிச்சாச்சு. குழு கேட்டுட்டு இருக்கு.”

கரண்டி தட்டில் விழுந்த சத்தம்.

“எல்லாருமா?”

“அஞ்சு பேரும்.”

“காலை வணக்கம்” என்றார் குவான்சா, வேறொரு குரலில்.

எலுபி அடுத்த போனை எடுத்தாள். (ஸோம்பாவில் எல்லோரிடமும் இரண்டு போன் இருக்கும். ஒன்றில் சிக்னல் போனால் மற்றது.) கம்பாலாவின் டாக்டர் ப்ரோஸ் நபுகாலு வயலில் இருந்தாள். காற்று இரைந்தது.

“ஞாபோ, கவலப்படாத. பன்னெண்டுக்குள்ள ஆபீஸ் போயிடுவேன்.” (‘ஞாபோ’ என்றால் அவள் ஊர்ப் பேச்சில் ‘அம்மா’.)

“உங்க ஊர் நேரத்துக்குப் பதினொண்ணு, ப்ரோஸ். இப்பவே.”

“யாரு மாத்தினது?”

“பெல்ஜியம்.”

“அங்கதான் நம்மாளு யாருமே இல்லையே.”

குழுவில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைவி சிரிக்கவில்லை. “பெல்ஜியம் எப்படி உங்க நேரத்த மாத்தும்?”

(முதல் வரைவில் எலுபி இந்த இடத்தில் ‘நெட்வொர்க் கோளாறு’ என்றாள். எல்லோரும் நம்பும் பொய். குழுவும் நம்பியிருக்கும். அவள் அப்படிச் சொல்லவில்லை என்பதால் அடித்துவிட்டேன்.)

“பதினோரு வருஷமா அவங்க நேரத்துலதான் கூட்டம் போடறோம், மேடம். அவங்க போய் ரெண்டு வருஷம் ஆச்சு. நாங்க மாத்தல. தப்பு என்னுது.”

“தலைமை உங்களுதுன்னு எழுதியிருக்கீங்க.”

“அதுவும் என்னுதுதான்.”

தலைவி தாளைப் புரட்டினார். “சரி. அவங்க பேசறது கேட்குது. குரல் மட்டும் கேட்டா வந்திருக்காங்கன்னு வச்சுக்கலாமான்னு குழு அப்புறம் முடிவு பண்ணும். ஒரே இலைக்கு ஸோம்பா நோய்ங்குது, குமாசி இல்லங்குது. யார் சொல்றது நிக்கும்?”

எலுபி இரண்டு போனையும் கணினியின் இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்தாள். தயாரித்து வைத்திருந்த படங்கள் எதையும் காட்டக் கை இல்லை.

“நான் சொல்றேன்” என்றது குமாசி போன். “நாங்க பேர் போடாத பொட்டலமா ஒருத்தருக்கொருத்தர் இலை அனுப்பிப்போம். எது நோய்ச்செடின்னு அனுப்பினவங்களுக்கு மட்டும் தெரியும். போன வருஷம் நல்ல செடி மூணை நான் நோய்னு எழுதினேன். முப்பது வருஷ அனுபவத்தோட எழுதினேன். எலுபி போன் பண்ணி, ‘ப்ரொஃப், உங்க கருவியக் கழுவுங்க’ன்னா.”

“கழுவினீங்களா?”

“முதல்ல கோபப்பட்டேன். அப்புறம் கழுவினேன். அழுக்குதான்.”

“அடுத்த தடவ தப்பு எங்களுது” என்றாள் எலுபி. “கம்பாலாதான் கண்டுபிடிச்சுது.”

“என் தப்ப இன்னும் யாரும் கண்டுபிடிக்கல” என்றது கம்பாலா போன்.

“தேடிட்டுதான் இருக்கோம்” என்றது குமாசி.

“கேள்விக்குப் பதில் வரல” என்றார் தலைவி.

“ரெண்டு பேர் சொல்றதும் நிக்காது, மேடம்” என்றாள் எலுபி. “மூணாவது ஆளுக்கு அனுப்புவோம். அவங்ககிட்ட எதுவும் சொல்லாம.”

குழுவில் ஐவரும் ஒரே நேரத்தில் எழுதினார்கள். நேர்காணல் நாற்பது நிமிடம் போனது. நான் குறிப்பெடுக்கக் கதவருகே உட்கார்ந்திருந்தேன். அவள் தோள் வலித்திருக்கும். போன்கள் இறங்கவில்லை. பதினோரு வருடக் குறிப்புகளில் இப்படி ஒன்றை நான் எழுதியதில்லை. யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு பேசவில்லை. யாரிடமும் அனுமதி

(இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம்.)

6

முடிவுகள்.

அ. நிதி கிடைக்கிறது. துறையில் ஆட்டிறைச்சியும் ந்சிமாக் களியும். துறைத்தலைவர் பேசுகிறார். குவான்சா இம்முறை முழு உடையில் திரையில் வருகிறார். எழுதிப் பார்த்தேன். பல்கலைக்கழகச் செய்தித்தாளின் புகைப்படம் போல இருந்தது.

ஆ. நிபந்தனைப்படி தள்ளுபடி. எலுபி ஜன்னலருகே நிற்கிறாள். கீழே ஊதாப் பூக்கள் உதிர்ந்து. இதை அவள் படித்தால் என்னிடம் பேச மாட்டாள். அவளுக்கு ஜன்னலருகே நிற்கும் பழக்கம் இல்லை.

இரண்டிலுமே அந்த நாற்பது நிமிடம் ஒரு கடிதத்துக்கு முன்னுரையாகிவிடுகிறது. கடிதம் வந்தால் பெருமை, வராவிட்டால் பரிதாபம். நான் கதவருகே கண்டது வேறு. அதற்குக் கிகாலியின் கையெழுத்து தேவைப்படவில்லை.

7

நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நேர்காணல் முடிந்து பதினாறாவது நாள். மச்சிங்கா மாவட்டத்து விவசாயிகள் நாற்பது பேரின் செடிகளிலிருந்து இலை பறித்திருந்தார்கள். ஒவ்வொரு இலையிலும் பாதி இங்கே, பாதி கம்பாலாவில். பணம் வந்த பிறகு தொடங்குவதாக விண்ணப்பத்தில் எழுதிய வேலை. மழை அதுவரை காத்திருக்காது என்று ப்ரோஸ் சொன்னாள், எலுபி சரி என்றாள், அவ்வளவுதான் பேச்சு.

எலுபி கையுறையோடு சோதனைத் தட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்திருக்கிறாள். குழியில் மஞ்சள் ஏறினால் நோய். மேசையில் போன் ஒலிபெருக்கியில்.

“பதினாலு?”

“மஞ்சள். உனக்கு?”

“மஞ்சள். பதினஞ்சு?”

மேசையில் இன்னொரு போன் ஒலிக்கிறது.

“என்ன சத்தம் அது?” என்கிறாள் ப்ரோஸ்.

“மெயில். கிகாலி.”

“தொறக்கலையா?”

“கையுறை போட்டிருக்கேன். பதினஞ்சு என்ன, நீ முதல்ல சொல்லு.”

“நிறம் இல்ல. நல்ல செடி.”

“எனக்கும்.”

“அந்தக் குடியானவன் நாளைக்கே குச்சி வெட்டலாம்.”

“வெட்டட்டும். பதினாறு?”

இன்னும் இருபத்தைந்து செடி இருக்கிறது. மேகம் மலைக்கு வந்துவிட்டது. கிகாலியின் கடிதத்தை நீங்களே திறந்து படித்துக்கொள்ளுங்கள். அவளுக்குக் கை ஒழியவில்லை.