பதினோரு நொடிக் குரல்

அப்பா காணாமல் போன மூன்றாம் நாள் அம்மாவின் குரலைப் பதிவு செய்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரையாவது திட்ட வேண்டுமென்றால் என்னிலிருந்தே தொடங்குங்கள்.

அப்பா பெயர் உத்திராபதி. வீராம்பட்டினத்தில் முப்பது வருஷம் கடலுக்குப் போனவர். இரண்டு வருஷமாக ஞாபகம் தப்பிவிட்டது. பெற்ற மகள் மேனகா, நானே அவருக்கு ஒரு நாள் தெரிவேன், ஒரு நாள் தெரியமாட்டேன். ஆனால் அம்மா குரலுக்கு மட்டும் அசைவார். மத்தியானம் எந்தத் தெருவில் நின்றாலும், வாசலிலிருந்து அம்மா ஒரு கூப்பாடு போட்டால் போதும், "தோ வர்றேன்" என்று திரும்பிவிடுவார். அன்றைக்கு மீன் விற்கப் போன அம்மா வர நேரமாகிவிட்டது. கூப்பிட ஆளில்லை. நடந்து போய்விட்டார்.

ஸ்டேஷனில் மனு கொடுத்தோம். ஆஸ்பத்திரி, கோயில், பஸ் ஸ்டாண்டு எல்லாம் அலசினோம். பிறகுதான் எனக்கு அந்த அதிபுத்திசாலி யோசனை வந்தது. அவரிடம் போன் கிடையாது. பார்ப்பவர்களிடம் இருக்குமே! அம்மா குரலை யாராவது போட்டுக் காட்டினால் அவர் அங்கேயே நிற்பார், அதற்குள் எனக்குச் சொல்லிவிடுவார்கள்.

"அப்பா பேரையும் சேத்து சொல்லும்மா," என்றேன்.

"புருசன் பேர எப்புடிடி வாயால சொல்றது? நீ எழுதிக்க," என்றாள் அம்மா.

எழுதிக்கொண்டேன். பெயர், வயது, நீலக் கட்டம் போட்ட லுங்கி, என் நம்பர், எல்லாம் அப்பா போட்டோவின் மேல். குரலில் இருந்தது இவ்வளவுதான்: "யோவ், எங்கய்யா போயிட்ட? சோறு ஆறுதுல்ல. வா, வந்து சாப்புடு." பதினோரு நொடி. கடைசியில் அவள் மூக்கை உறிஞ்சியதும் விழுந்திருந்தது. நானாவது என் குரலில் பெயரையும் நம்பரையும் சொல்லிச் சேர்த்திருக்கலாம். தோன்றவில்லை. போட்டோவோடு குரலைச் சேர்த்து வீடியோவாக நெட்டில் போட்டுவிட்டேன்.

அந்த மூக்குறிஞ்சல்தான் எங்கள் குடியைக் கெடுத்தது. யாரோ குரலை மட்டும் தனியாக உருவி, பின்னால் வயலின் சேர்த்துவிட்டார்கள். போட்டோவும் நம்பரும் எங்கோ கழன்று விழுந்தன. ஆளாளுக்குத் தங்கள் வீடியோவில் அதை ஒட்டிக்கொள்ள, இரண்டே நாளில் அம்மா ஊர் உலகத்துக்கெல்லாம் அழுதாள். செத்துப்போன அப்பாக்களுக்கு, பிரான்சில் செட்டிலாகிவிட்ட பிள்ளைகளுக்கு, ஓடிப்போன நாய்க்குட்டிக்கு, ஹாஸ்டல் சாப்பாட்டுக்குக்கூட. முதலியார்பேட்டையில் நான் பில் போடும் துணிக்கடையில், கவுன்டரில் நின்றபடியே ஒரு பெண் அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இது எங்கம்மா," என்றேன்.

"ஆமாக்கா, கேக்குற எல்லாருக்குமே அவங்கம்மா மாதிரிதான் இருக்கு."

ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது. பில்லைக் கிழித்துக் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் காலையில்தான் முதல் போன் வந்தது. கடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை வைத்திருக்கும் கண்ணையன் என்பவர். உடனே வரச் சொன்னார். அம்மா மீன் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

கண்ணையன் எங்கள் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "நாலு நாளா இங்கதாம்மா இருந்தாரு. யார் போன்லயாவது இந்த சவுண்டு ஓடுனா, 'தோ வர்றேன்'னு எழுந்து அந்தப் பக்கம் நடப்பாரு. தமாஷுன்னு நெனச்சி வேணும்னே போட்டுப் போட்டுக் காட்டுவாங்க. நானும் சிரிச்சேம்மா."

"இப்ப எங்க?"

"காலைல ஒரு பஸ்ஸுல ஜன்னலோரமா யாரோ போட்டாங்க. ஏறிட்டாரு. எந்த பஸ்ஸுன்னு கவனிக்கல. மனசு கேக்காம அப்பறமா தேடித்தான் உங்க நம்பர புடிச்சேன்."

யாரோ எடுத்திருந்த வீடியோவைக் காட்டினார். அப்பா எழுந்து வலது பக்கம் போகிறார். இடது பக்கம் வேறொரு போனில் அம்மா கூப்பிடுகிறாள். திரும்புகிறார். பின்னாலிருந்து இன்னொன்று. மறுபடி திரும்புகிறார். செருப்பில்லாத கால் வீங்கியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கோபமே இல்லாமல், "தோ வந்துட்டேன், இரு," என்கிறார். சுற்றிலும் சிரிப்பு. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அம்மா அழவில்லை. என் கையைப் பிடித்து உலுக்கினாள். "அந்த எழவ நிறுத்துடி மேனகா. அது கூப்புடக் கூப்புட அந்த மனுசன் நடந்துகினே இருப்பாரு."

என்னுடையதை அழித்தேன். மற்ற லட்சம் பேர் போட்டதை எப்படி அழிப்பது? அதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று நான் முழிப்பதற்குள், நின்றுகொண்டிருந்த விழுப்புரம் பஸ்ஸில் அம்மா ஏறிவிட்டாள். சீட்டு சீட்டாகக் கையெடுத்துக் கும்பிட்டாள். "யப்பா, அத போடாதீங்கப்பா. யம்மா, உனக்குப் புண்ணியமாப் போவும், போடாதம்மா."

நான்காவது சீட்டில் இருந்த பெண்ணுக்குக் குரல் பிடிபட்டுவிட்டது. அவள் கண் நிஜமாகவே கலங்கியது. "ஐயோ அம்மா, நீங்களா! ஒரே ஒரு தடவ நேர்ல சொல்லுங்கம்மா," என்று போனைத் தூக்கிப் பிடித்தாள்.

அம்மா பஸ் தரையில் உட்கார்ந்து அவளுடைய இரண்டு காலையும் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் அழுதுகொண்டே வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.