நீதிபதிக்குக் காட்டக் கூடாத கடிதம்

டோரீன் தன் காகிதங்களை இரண்டு கடைப் பைகளில் திணித்துக் கொண்டுவந்திருந்தார். வழக்கு, தாயை அவர் ஒன்பது வருடம் வைத்துப் பார்த்துக்கொண்ட வீட்டைப் பற்றியது. தாய் போனதும் அதை விற்றுப் பாதி தர வேண்டும் என்று தம்பி க்ளைவ் வழக்குப் போட்டிருந்தார். தோற்றால் அறுபத்துமூன்று வயதில் டோரீன் வாடகைக்கு அறை தேட வேண்டும்.

விசாரணைக் கோப்பு தயாரிப்பது வக்கீல் அலுவலகத்தில் என் வேலை. தேதிவாரியாக அடுக்கி, பக்க எண் போட்டு, நீதிபதிக்கு, எதிர்த்தரப்புக்கு, சாட்சிக் கூண்டுக்கு என்றெல்லாம் ஒரே மாதிரி ஐந்து பிரதிகள். அன்று நான்கு மணிக்குள் நாரிச் நகர நீதிமன்றத்தில் சேர்க்க வேண்டும். காலையில் கடைசியாகப் புரட்டியபோதுதான் என் தவறு தெரிந்தது. பைக்குள் ஒட்டியபடியே கிடந்த ஓர் உறையைப் பிரித்து, தேதியை மட்டும் பார்த்துவிட்டு அடுக்கியிருக்கிறேன். க்ளைவின் கடிதம். உச்சியிலேயே, 'சமரசப் பேச்சு, வழக்கில் காட்டக் கூடாது' என்றிருந்தது. அதை நீதிபதி படித்துவிட்டால் விசாரணை நின்று, வேறு நீதிபதி, வேறு தேதி என்று இழுக்கும்.

ஐந்து கோப்புகளிலிருந்தும் அதை உருவினேன். வக்கீலிடம் ஒப்புக்கொண்டேன். டோரீனைக் கூப்பிடச் சொன்னார்.

டோரீன் கோட்டைக்கூடக் கழற்றாமல் படித்தார். ஏப்ரலில் எழுதியது. நீ உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டிலேயே இரு, அம்மாவைக் குளிப்பாட்ட ஒருநாள்கூட நான் வரவில்லை, நேரில் சொல்ல வெட்கமாக இருக்கிறது என்று க்ளைவ் எழுதியிருந்தார்.

"கையெழுத்து இன்னும் கோழி கிண்டினாப்லதான் இருக்கு," என்றார் டோரீன். பிறகு, "இத ஜட்ஜுகிட்ட காட்டு கண்ணு. அவனே ஒத்துக்கிட்டான்ல."

"காட்ட முடியாதுங்க. இது உங்களுக்கு மட்டும் எழுதினது."

டோரீன் தாளை மடித்து உறைக்குள் வைத்தார்.

"திட்டித்தான் எழுதியிருப்பான்னு நெனச்சு பிரிக்கவே இல்ல. ஆறு மாசமா நான் மதிக்கலன்னு நெனச்சிட்டு இருந்திருப்பான், பாவம்."

"விசாரணை திங்கக்கிழமைதானே. இன்னும் பதில் சொல்லலாம்."

அவர் என் மேசைத் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்துத் தம்பியின் எண்ணை அழுத்தினார். கடிதத்தை இன்றுதான் படித்தேன் என்று மட்டும் சொன்னார். அப்புறம் அந்தப் பக்கம்தான் பேசியது. டோரீன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். நடுவில் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வரட்டுமாங்கறான். வழக்கு நடக்கறப்போ வரலாமா?"

"தாராளமா."

சமரச ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை வழக்கு வழக்குதான். மூன்றே முக்காலுக்குக் கோப்புகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அலுவலகத்திலிருந்து நான் கிளம்பியபோது, உருளைக்கிழங்கை வறுப்பதா மசிப்பதா என்று அக்காவும் தம்பியும் தொலைபேசியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.