தொண்ணூறாவது படி

தபால் நிலையத்தில் இருபது வருஷமாக முத்திரை குத்தியதில் அவளுக்கு ‘முத்திரை’ என்றே பேர் நிலைத்துவிட்டது. ஊரார் கடிதமெல்லாம் கடல் தாண்டிப் போயிற்று, அவள் போனதில்லை. மத்தியதரைக் கடலில் இருக்கும் பழைய கோட்டைத் தீவுக்கு ஒன்றாகப் போகலாமா என்று அவள் வாயெடுத்ததுதான் தாமதம், அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் ஆறு பேர் சேர்ந்துவிட்டார்கள். அவள், பள்ளிப் பேருந்து ஓட்டும் அவள் கணவன், தையல்கடை வைத்திருக்கும் நாத்தனார், மேல்வீட்டுப் பல் டாக்டர், ரொட்டிக்கடைத் தம்பதி.

ஞாயிறுதோறும் முத்திரையின் சாப்பாட்டு மேஜையில் கூட்டம். பல் டாக்டருக்குக் கோட்டையின் பாதாளச் சிறையைப் பார்த்தே ஆகவேண்டும். ரொட்டிக்கடைக்காரருக்கோ ஒருநாளாவது காலை எட்டு மணி வரை தூங்கவேண்டும்.

“தூங்குறதுக்கு எதுக்குங்க தீவு? கதவைச் சாத்திட்டு இங்கயே தூங்குங்களேன்!” என்றாள் அவர் மனைவி. சிரிப்பில் மேஜையே குலுங்கிற்று.

நான்காம் ஞாயிறு நாத்தனார் வரவில்லை. “சீருடை ஆர்டர் தலைக்கு மேல இருக்கு. நீங்க போயிட்டு வாங்க” என்று தம்பியிடம் சொல்லியனுப்பிவிட்டாள்.

முத்திரைக்குச் சமாதானம் ஆகவில்லை. நேரே தையல்கடைக்குப் போனாள். வெட்டு மேஜை துடைத்து வைத்ததுபோல் காலியாகக் கிடந்தது. கொக்கியில் ஒரே ஒரு சட்டை. தையல் இயந்திரத்தின்மேல் தீவைப் பற்றிய கையேட்டின் ஒரு பிரதி. அதில் ‘கோட்டை உச்சிக்கு 212 படிகள்’ என்ற வரியின் கீழே சிவப்புச் சாக்கட்டியால் கோடு.

“ஆர்டர் எங்க அண்ணி?”

நாத்தனார் பிடிகொடுக்கவில்லை. ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள். “என் முட்டி லட்சணம் உனக்குத் தெரியாதா? எனக்காக எல்லாரும் நின்னு நின்னு போகணும். யாருக்கும் நான் பாரமா இருக்கமாட்டேன்மா” என்றாள்.

“ஏறிப் பார்க்காமலே முடியாதுன்னா எப்படி அண்ணி?”

மறுநாள் மாலையே ஒத்திகை. லிப்டைத் தொடக்கூடாது என்று உத்தரவு. கட்டடத்தில் ஒவ்வொரு மாடிக்கும் பதினெட்டுப் படி. எண்ணுகிற பொறுப்பு கணவனுக்கு. பல் டாக்டர் இரண்டிரண்டு படியாகத் தாவி, நான்காம் மாடியில் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார். நாத்தனார் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிதானமாக ஏறினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் ரொட்டிக்கடைக்காரர் ஸ்டூலோடு காத்திருந்தார். ஐந்தாம் மாடியும் தாண்டியது. அதற்குமேல் ஆறு படி ஏறி, சுவரில் சாய்ந்துவிட்டாள்.

“இதுக்கு மேல ஆகாது. எத்தனைடா?”

“தொண்ணூத்தாறு, அக்கா.”

“பாதிகூட இல்லையே.” அவள் முகம் சுண்டிப்போயிற்று.

முத்திரை கணவனின் சட்டைப் பையிலிருந்து கையேட்டை உருவி, கோட்டையின் வரைபடத்தில் விரலை ஓட்டினாள். ஓடிய விரல் ஓரிடத்தில் நின்றது.

“அண்ணி! தொண்ணூறாவது படியில பீரங்கி மேடை. கல் பெஞ்சு, நிழல், மூணு பக்கமும் கடல். சாப்பாட்டை அங்கயே பிரிப்போம். உச்சிக்குப் போறவங்க போயிட்டு வரட்டும்.”

“நான் அண்ணி கட்சி” என்று கீழிருந்து பல் டாக்டரின் குரல் வந்தது.

நாத்தனார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். “அப்ப ஆறு படி தெண்டத்துக்கு ஏறியிருக்கேனா?” என்று கேட்டவள், படியிலேயே உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரிப்பு எல்லோரையும் தொற்றிக்கொண்டது. நான்காம் மாடிக்காரர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

அந்த வாரமே அவள் அளவு நாடாவோடு வந்து நின்றாள். தீவில் வெயில் கொளுத்துமாம். ஆறு பேருக்கும் அகல விளிம்புத் தொப்பி தைக்கப்போகிறாளாம். முதலில் பல் டாக்டரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“தலையை ஆட்டாதீங்க டாக்டர். பயப்படாதீங்க, வாயெல்லாம் திறக்க வேண்டாம்.”