கோழிக்கு மிஞ்சிய மருந்து

மானாம்பதி கோழிப்பண்ணை முதலாளி மோகனுக்குத் தாராள மனசு. தனக்குச் செலவில்லாத எதையும் வாரி வழங்குவான். கோழிகளுக்கு மருந்து கலந்த தண்ணீர் தொட்டியில் மிஞ்சினால் வேலையாட்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகலாம். துவண்டு கிடந்த குஞ்சுகள் அதைக் குடித்து எழுந்து நடப்பதை அங்கே வேலை செய்யும் செங்கேணி கண்ணால் பார்த்திருக்கிறாள். குஞ்சைக் காப்பாற்றுவது மனுஷனைக் காப்பாற்றாதா?

அதனால், அதே பண்ணையில் எரு வாரும்போது புருஷன் இருசப்பனின் காலில் மண்வெட்டி பட்டதும் அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை. தினமும் அந்தத் தண்ணீரால் புண்ணைக் கழுவினாள். ஆறுவதுபோல் இருக்கும், மறுபடி சீழ் வைக்கும். கால் கறுத்து வீங்கிய பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தாள். இங்கே ஏற்றிய எந்த மருந்தும் கேட்கவில்லை.

"காலை எடுத்தாகணும். இல்லன்னா உயிருக்கே ஆபத்து," என்றார் டாக்டர் ஷீபா.

செங்கேணி பண்ணைத் தண்ணீர் கதையைச் சொன்னாள். ஷீபா கேஸ் ஷீட்டை மூடி வைத்துவிட்டு விளக்கினார்.

"கிருமியையே பிடிக்கிற வைரஸ் இருக்கும்மா. கிருமிக்குள்ள பூந்து, பெருகி, அதை உடைச்சிட்டு வெளியே வரும். சில சமயம் தவறுதலா அந்தக் கிருமியோட மரபணுவைச் சுமந்துட்டு வந்து வேற கிருமிக்குள்ள இறக்கிடும்."

"மரபணுன்னா இன்னாம்மா?"

"பிள்ளைக்கு நம்ம சாடை வருதே, அதைக் கொண்டுபோறது. மருந்துக்குத் தப்பிக்கிற மரபணுவா இருந்தா, வாங்கின கிருமியும் தப்பிச்சுக்கும். பண்ணைக் கிருமிகிட்டேருந்து இவர் புண்ணுக் கிருமிக்கு அப்படித்தான் வந்திருக்கும்னு நினைக்கிறேன்."

"அந்தத் தண்ணியாலதானா?"

"கொண்டாந்து கொடுத்தது வைரஸ். தண்ணி, மத்த கிருமிங்களைக் கொன்னு, தப்பிச்ச கிருமிக்கு இடம் பண்ணிக் கொடுத்திருக்கும்."

டாக்டர் சொல்லாமல் விட்டது செங்கேணிக்கு விளங்கிவிட்டது. இடம் பண்ணிக் கொடுத்தது அவள் கை. மோகன் மேல் கோபம் வந்தது. அதைவிடத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

வார்டில் இருசப்பன் பக்கத்துக் கட்டில் தானியேலிடம் பேசிக்கொண்டிருந்தான். காலை எடுக்கப்போகிற சேதி அவனுக்கும் தெரியும்.

"இத்தினி நாளு இந்தக் காலு நின்னுச்சின்னா இவளாலதான். டெய்லி மருந்துத் தண்ணி கொண்டாந்து கழுவிக்கினே இருந்தா. வேற பொம்பளையா இருந்தா மூக்கைப் பொத்திக்கினு போயிருப்பா."

தானியேல் அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினான்.

"சும்மா இருய்யா," என்றாள் செங்கேணி.

"உண்மைதானே?" இருசப்பன் அவள் கையைப் பிடித்துத் தன் நல்ல காலின் மேல் வைத்தான். "இதுலயும் லேசா சிராய்ச்சிக்கினு கீது, பாரு. வூட்ல மீதித் தண்ணி கீதுல்ல, கொண்டாந்துடு."